நெட் போனாலும் ஃபைல் மாடி ஏறும்

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் எங்கள் தெருவில் முதலில் போனது கரண்ட், அடுத்து நெட். கரண்ட் திரும்பி வந்துவிட்டது, நெட் வரவில்லை. கீழே என் கம்ப்யூட்டரில் கிடந்த பழைய படங்களை மாடியில் பிள்ளைகள் டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படியேறி வந்த என் மச்சான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, நெட்டே இல்ல, இது மட்டும் எப்படி ஓடுது?"

கேட்டவன் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன். அவனுக்கே வைஃபை என்றால் நெட், நெட் என்றால் வைஃபை. இதில் அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மாதாமாதம் பணம் கட்டுவது ஒன்றுக்குத்தான், வீட்டுக்கு வந்து மாட்டிவிட்டுப் போனதும் ஒரே பெட்டி, அப்புறம் இரண்டும் வேறு வேறு என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் இந்த ஒரு குழப்பம்தான் ஃபைல் காப்பி ஆகாமல் முரண்டு பிடிக்கும்போது நெட்காரருக்கு போன் போட வைக்கிறது, தேவையே இல்லாமல் பெரிய பிளானுக்கு மாற வைக்கிறது, கடைசியில் பென்டிரைவோடு மாடிப்படி ஏறி இறங்க வைக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம் தெருக்களில் ஒரே கதவு எண்ணுக்குள் ஆறு குடித்தனம் இருக்கும் வீடு உண்டு இல்லையா, வாசல் ஒன்று, நடுவில் நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் போர்ஷன்கள். தபால்காரருக்குத் தெரிந்தது தெருவும் கதவு எண்ணும்தான். உள்ளே எந்தக் கடிதம் எந்தப் போர்ஷனுக்கு என்று பிரித்துக் கொடுப்பது வாசலில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரப் பாட்டி. நெட்காரர் மாட்டிவிட்டுப் போன அந்தப் பெட்டி, அதாவது ரவுட்டர், செய்வது அந்தப் பாட்டியின் வேலை. வெளியுலகத்துக்கு உங்கள் வீடு மொத்தமும் ஒரே எண், உள்ளே ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் பாட்டி தனித்தனியாக ஒரு போர்ஷன் நம்பர் கொடுத்து வைத்திருக்கிறாள். 192.168 என்று தொடங்கும் எண்களைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். இந்த வகை எண்கள் உள்ளுக்குள் மட்டும் செல்லுபடியாகும், இணையத்தில் எங்கும் செல்லாது என்று 1996-லேயே விதி வகுத்து ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் ரவுட்டரும் பக்கத்து வீட்டு ரவுட்டரும் இரண்டுமே 192.168.1.1 என்று இருந்தும் முட்டிக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது போர்ஷனிலிருந்து ஐந்தாவது போர்ஷனுக்கு ஒரு கிண்ணம் சாம்பார் போக வேண்டுமென்றால் யாராவது தெருவுக்குப் போய்ச் சுற்றி வருவார்களா? நடையிலேயே போய்விடும். கீழ்த்தளத்து கம்ப்யூட்டரிலிருந்து மாடி டிவிக்குப் படம் போனதும் அப்படித்தான். தெருவில் வெள்ளம் நின்றாலும் நடை திறந்துதான் இருக்கிறது. நீங்கள் கட்டும் மாதச் சந்தா தெருவுக்கானது, அதாவது நெட்டுக்கு. நடை, அதாவது வீட்டுக்குள் ஓடும் வைஃபையும் கேபிளும், உங்களுடையது, அதன் அகலத்தையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், நெட்காரர் பார்க்க மாட்டார்.

சரி, அந்த நடை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

மச்சானுக்கு ஒரு கல்யாணம் என்றால் இரண்டு கேமரா, ரிசப்ஷன், முகூர்த்தம் எல்லாம் சேர்த்துச் சுமார் 60 ஜிபி வரும். அவன் மாடியில் எடிட் செய்வான், கார்டிலிருந்து இறக்கி வைப்பது கீழே இருக்கும் கம்ப்யூட்டரில். இரண்டுமே வைஃபையில். 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறோமே, ஏன் ஆமை மாதிரி போகிறது என்று ஒரு ராத்திரி முழுக்கப் புலம்பினான். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது சின்னது: பிளானில் சொல்லும் எம்பி பிட் கணக்கு, ஃபைல் அளவில் காட்டும் எம்பி பைட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக நூறு என்பது விநாடிக்குப் பன்னிரண்டரைதான். அதுவும் தெருவின் கணக்கு, நடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவதுதான் முக்கியம், பலர் கவனிக்காததும் இதுதான். வைஃபையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே ஃபைல் நேராகப் போவதில்லை. கீழிருந்து ரவுட்டருக்குக் காற்றில் ஒரு முறை, ரவுட்டரிலிருந்து மாடிக்கு அதே காற்றில் இன்னொரு முறை. ஒரு சேனலில், அதாவது வைஃபை பேசும் ஒரு தடத்தில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், அதனால் இருக்கும் வேகம் அப்படியே பாதியாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவர்களைத் தாண்டி வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நிஜமாகக் கிடைப்பது 40 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 5 எம்பி. 60 ஜிபி போக மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல். இரண்டு பக்கமும் காற்று என்றால் ஆறரை மணி நேரத்துக்கு மேல். ஏதாவது ஒரு கம்ப்யூட்டரை மட்டும் லேன் கேபிளில் ரவுட்டரோடு சேர்த்துவிட்டால், வேறு எதையும் தொடாமலே, நேரம் பாதியாகும். பத்து அடி கேபிள் செய்யும் வேலை இது. புது ரவுட்டர் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் கேபிள் குத்தியிருக்கிறதா என்றுதான்.

இதில் நம் ஏரியாவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. எங்கள் கூடத்தில் நின்று போனைத் திறந்தால் இருபதுக்கு மேல் வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். இரண்டு பக்கமும் பொதுச் சுவர், எதிர் வீடு ஒரு கை நீட்டும் தூரம், பிறகு எப்படி இருக்கும்? 2.4 கிகாஹெர்ட்ஸில் பதிமூன்று சேனல் என்று ரவுட்டர் காட்டும், ஆனால் பக்கத்துச் சேனல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பவை, ஒன்றோடொன்று உரசாமல் நிற்பவை 1, 6, 11 என்று மூன்றுதான். இருபது வீடு, மூன்று குழாய். அடிபம்பில் குடம் வைத்துக் காத்திருப்பது போலவேதான் நடக்கிறது: பக்கத்து வீட்டு ரவுட்டரும் உங்களுடையதும் ஒரே சேனலில் இருந்தால் ஒன்று பேசும்போது மற்றது காதில் கேட்டு நிறுத்திக்கொள்ளும், முடிந்ததும் தன் முறைக்குப் பேசும். தாமதம் ஆகும், சண்டை வராது. ஆனால் "ஒன்றிலும் ஆறிலும் கூட்டம், நான் மூன்றில் வைக்கிறேன்" என்று ஒருவர் புத்திசாலித்தனமாக நடுவில் புகுந்தால் கதை வேறு. மூன்றில் பேசுவது ஒன்றில் இருப்பவருக்கும் ஆறில் இருப்பவருக்கும் பேச்சாகக் கேட்காது, வெறும் இரைச்சலாகக் கேட்கும், யாரும் யாருக்கும் வழிவிட மாட்டார்கள், மூன்று பேருக்கும் கெடும். அதனால் கூட்டமாக இருந்தாலும் 1, 6, 11-இல் ஒன்றிலேயே நில்லுங்கள், சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40 என்று வைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டும், இந்த நெரிசலில் அது இரண்டு பேர் இடத்தில் ஒருவர் கால் நீட்டிப் படுப்பது.

அப்போது வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ்? அங்கே இடம் தாராளம். 2.4-ஐ உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்திய அரசு 2005-இல் அனுமதி கொடுத்தது, 5-இல் பெரும்பகுதியை 2018-இல் திறந்துவிட்டது. 5-க்குச் சுவர் தாண்டும் பலம் கம்மி என்று எல்லோரும் குறையாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் நம்மைப் போல ஒட்டி ஒட்டி வாழ்கிறவர்களுக்கு அந்தக் குறையே வரப்பிரசாதம், ஏனென்றால் பக்கத்து வீட்டு 5-உம் நம் சுவரைத் தாண்டி வர முடியாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. எடிட்டிங் கம்ப்யூட்டர், டிவி இரண்டும் 5-இல் இருக்கட்டும். ரவுட்டரில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிடுவது என் வழக்கம். ஒரே பெயர் வைத்தால் சாதனம் தானாகத் தேர்ந்தெடுக்கும் என்பார்கள், எங்கள் வீட்டு லேப்டாப் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு 2.4-ஐத்தான் கட்டிப் பிடித்திருந்தது.

பெட்டியை எங்கே வைப்பது என்பது பாதி வேலை. மாட்ட வருகிறவர் ஒயர் உள்ளே நுழையும் இடத்திலேயே, அதாவது வாசல் பக்கம், மீட்டர் போர்டுக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். இருபதடி அகலம் கூட இல்லாமல் எண்பதடி நீளத்துக்கு ஓடும் வீட்டில் அது தெருவுக்கு வைஃபை கொடுக்கும், பின்கட்டுக்குக் கொடுக்காது. வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், முடிந்தால் மாடிப்படிக்கு அருகில். செங்கல் சுவர் சிக்னலைக் கொஞ்சம் குடிக்கும், கம்பி கட்டிய கான்கிரீட் தளம் நிறையக் குடிக்கும். படிக்கட்டு இருக்கும் இடத்தில் தளம் கிடையாது, அந்தப் பொந்து வழியாக அலை மேலே ஏறிவிடும். தேக்கு உத்திரம் போட்டுச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால் அதில் இரும்புக் கம்பி இல்லை, அந்த அளவுக்கு லாபம். இரும்பு பீரோவுக்குப் பின்னால், ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கும். மழையில் ஊறிய சுவர் கூட விழுங்கும், ஐப்பசியில் மாடி ரூமில் சிக்னல் குறைந்ததென்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மாடிக்கு எட்டவில்லை என்று நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். கடையில் போய் இன்னொரு ரவுட்டர் வாங்கி வந்து, நெட்காரர் கொடுத்த பெட்டியிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, புதியதன் பின்னால் நீல நிறத்தில் தனியாக இருக்கும் ஓட்டையில் குத்தினேன். மாடியில் நெட் பிரமாதமாக வந்தது. ஆனால் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் மாடிக்குத் தெரியவே இல்லை. நெட் வைத்துக் கொடுத்தவரைக் கூப்பிட்டால், வந்து பார்த்துவிட்டு "ஸ்பீடு நல்லா வருதே சார்" என்று கிளம்பிவிட்டார். அவர் கணக்கில் சரிதான், தெரு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: ஒரு வாசலுக்குள் இன்னொரு வாசல் கட்டி, அதில் இன்னொரு பாட்டியை உட்கார வைத்திருக்கிறேன். இரண்டாவது ரவுட்டரும் தன் பங்குக்கு எண்கள் கொடுத்து மாடியைத் தனி வீடாக ஆக்கிவிட்டது. மாடியிலிருந்து கீழே ஒருவேளை எட்டிப் பார்க்கலாம், கீழிருந்து மாடிக்கு வழியே இல்லை. தீர்வு ஐந்து நிமிடம்தான். இரண்டாவது பெட்டியின் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் என்று ஒரு முறை இருக்கும், அதற்கு மாற்றினால் எண் கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு வெறும் ஆண்டெனாவாக இருக்கும். அந்த வசதி இல்லாத பழைய பெட்டி என்றால் அதன் சொந்த எண்ணை முதலாவதோடு மோதாதபடி மாற்றி, எண் கொடுக்கும் வேலையான டிஎச்சிபி என்பதை அணைத்து, கேபிளைத் தனி ஓட்டையில் குத்தாமல் மற்ற நான்கில் ஒன்றில் குத்துங்கள். கேபிள் இழுக்க வழியில்லை என்று ரிப்பீட்டர் வாங்கினால் அதுவும் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளிதான், ஒரே அலைவரிசையில் வேலை செய்யும் ரிப்பீட்டராக இருந்தால் வேகம் மறுபடி பாதி.

இனி ஷேரிங், அதாவது ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரை மற்றவற்றுக்கும் திறந்துவிடுவது. இதற்கு விண்டோஸ் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர், 1980-களில் ஐபிஎம்மில் பிறந்தது. விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸும் இதைப் பேசுவதற்குக் காரணம் ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் என்ற ஆஸ்திரேலியர். 1990-களின் தொடக்கத்தில், மாணவராக இருந்தபோது, ஒயரில் ஓடும் தகவலை ஒட்டுக்கேட்டே இந்த மொழியைக் கற்று ஒரு புரோகிராம் எழுதினார். பெயர் வைக்கும்போது எஸ், எம், பி மூன்றும் இந்த வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்ததுதான் சாம்பா. யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் குத்தும் ஓட்டையுள்ள வீட்டு ரவுட்டர்கள் பலவற்றுக்குள் இன்றைக்கும் ஓடுவது அதுதான்.

விண்டோஸில் ஃபோல்டர் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் என்று போகும் வழி எல்லோருக்கும் தெரியும், அதை நான் எழுதப் போவதில்லை. அது வேலை செய்யாமல் போவதன் காரணங்கள்தான் எங்கும் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. முதல் காரணம், உங்கள் வீட்டு வைஃபையை விண்டோஸ் பஸ் ஸ்டாண்ட் வைஃபையாக நினைத்துக்கொண்டிருக்கும். புதிதாகச் சேரும் எந்த நெட்வொர்க்கையும் அது 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொள்ளும், பப்ளிக்கில் கதவு எல்லாம் மூடியிருக்கும். 'பிரைவேட்' என்று இரண்டு கம்ப்யூட்டரிலும் மாற்றுங்கள். இரண்டாவது, ஃபோல்டருக்குப் பூட்டு ஒன்றல்ல, இரண்டு. ஷேரிங் பக்கத்தில் ஒரு அனுமதி, செக்யூரிட்டி பக்கத்தில் இன்னொன்று, இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். மச்சான் ஷேரிங்கில் எல்லாருக்கும் எல்லாமும் என்று தாராளமாகக் கொடுத்துவிட்டு அனுமதி இல்லை என்று வருகிறதே என்று தலையில் கை வைத்ததெல்லாம் இந்த இரண்டாவது பூட்டால்.

மூன்றாவது காரணம் இன்னும் வேடிக்கை. யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கும்போது தினமும் கம்ப்யூட்டரைத் திறக்கப் போடும் நான்கு இலக்கப் பின்னைத் தட்டுவோம், தப்பு என்று சொல்லும், திரும்பத் தட்டுவோம். அந்தப் பின் அந்தக் கம்ப்யூட்டரின் வாசலில் மட்டும் செல்லும், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. நான் செய்வது, ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் ஷேரிங்குக்கென்றே 'வீடு' என்ற பெயரில் ஒரு தனி லோக்கல் அக்கவுண்ட், அதற்கொரு நிஜ பாஸ்வேர்ட். மற்ற எல்லா இடத்திலும் அதையே கொடுத்து, நினைவில் வைத்துக்கொள் என்று டிக் செய்துவிட்டால் பிறகு கேட்காது. பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து விட்டுவிடலாமே என்ற பழைய குறுக்குவழி இப்போது ஓடாது, 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பின் ப்ரோ வகையில் விருந்தாளி நுழைவு தானாகவே அடைபட்டிருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர்களை ஒன்றாகச் சேர்க்க விண்டோஸ் 10-இல் இருந்த ஹோம்குரூப்பும் 2018-லேயே போய்விட்டது, பழைய வீடியோக்களைப் பார்த்து அதைத் தேடாதீர்கள்.

கம்ப்யூட்டர் பெயர் நெட்வொர்க் பட்டியலில் வரவில்லையா? பட்டியலை நம்பாதீர்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு எண்ணை நேராகத் தட்டுங்கள், \\192.168.1.20 என்பது போல. திறந்தால் வழியில் கோளாறு இல்லை, பெயர் கூப்பிடுவதில்தான் கோளாறு. அந்த எண் நாளைக்கு மாறாமல் இருக்க ரவுட்டரில் இந்தக் கம்ப்யூட்டருக்கு இந்த எண்தான் என்று ஒதுக்கி வைத்துவிடலாம்.

யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் குத்திய பழைய ரவுட்டரை விண்டோஸ் திறக்க மறுத்தால், எஸ்எம்பி1-ஐ ஆன் செய் என்று இணையத்தில் யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். அது அந்த மொழியின் முதல் பதிப்பு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது இந்த எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான். ஷேரிங்கில் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: எழுதும் அனுமதி கொடுத்த ஃபோல்டரை, மாடி லேப்டாப்பில் புகுந்த வைரஸும் எழுதலாம். கல்யாண வீடியோ கிடக்கும் ஃபோல்டருக்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும், எடிட் செய்து முடித்ததைப் போட வேறொரு ஃபோல்டர். முகூர்த்தத்தைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கழற்றி பீரோவில் வைக்கும் பழக்கத்தையும் விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் அக்கா சாயங்காலம் டியூஷன் எடுக்கிறாள், பன்னிரண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் வைஃபை பாஸ்வேர்ட் தெரியும், அவர்கள் அண்ணன்மார்களுக்கும் தெரியும். ஷேரிங் தொடங்கிய பிறகு அது சரிப்படாது என்று கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறந்துவிட்டேன். அதில் வருகிறவர்களுக்கு நெட் மட்டும்தான், வீட்டுக் கம்ப்யூட்டர்கள் கண்ணில் படாது. தெருவிலிருந்து நேராகத் திண்ணை, நடைக்குள் வர முடியாது. இதில் ஒரே ஒரு பக்கவிளைவு, பிரிண்டரைத் தெரியாமல் கெஸ்ட்டில் சேர்த்துவிட்டு ஒரு வாரம் அது செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். கூடவே ரவுட்டரில் பூட்டு வகை டபிள்யூபிஏ2-க்குக் கீழே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டனை அழுத்தினால் சேர்ந்துவிடும் டபிள்யூபிஎஸ்-ஐ அணைத்துவிடுங்கள், அதன் எட்டு இலக்க எண்ணை எளிதில் ஊகித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியானது. ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்ட் இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

கடைசியில் மச்சானுக்கு நாங்கள் செய்தது கேபிள்தான். ரிச்சி தெருவுக்குப் போய் கேட்-6 கேபிள் வாங்கி வந்து, படிக்கட்டுச் சுவரோரமாக பிவிசி குழாயில் விட்டு மேலே கொண்டுபோனோம். முதல் நாள் காப்பி போட்டால் விநாடிக்கு 11 எம்பியில் நின்றுவிட்டது. பதினொன்று என்று பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம், எங்கோ ஓர் இடத்தில் வழி நூறு எம்பிபிஎஸ்ஸில் அடைபட்டிருக்கிறது. கேபிளுக்குள் எட்டு ஒயர், நூறுக்கு நான்கு போதும், ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும், ஒன்று விட்டுப் போனாலும் இறங்கிவிடும். முனையில் ஜாக் கிரிம்ப் செய்ததில் பழுப்பு ஒயர் உள்ளே போகாமல் நின்றிருந்தது. வெட்டித் திரும்ப மாட்டியதும் 110-க்கு ஏறியது, ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டிய 60 ஜிபி பத்து நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. வேறு சிலர் வீட்டில் பார்த்தால் கேபிள் சரியாக இருக்கும், நெட்காரர் கொடுத்த பெட்டியின் ஓட்டைகளில் ஒன்று மட்டும் ஆயிரத்துக்கு, மற்றவை நூறுக்கு என்று இருக்கும். அதற்கு ஐந்து ஓட்டை உள்ள சின்ன கிகாபிட், அதாவது ஆயிரம் எம்பிபிஎஸ், ஸ்விட்ச் ஒன்று போதும், இரண்டு கம்ப்யூட்டரையும் அதில் குத்தி, அதிலிருந்து ஒரு கேபிள் ரவுட்டருக்கு.

அப்புறம் ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் மாட்டியிருக்கிறேன், கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது அணைந்து எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆவதில் பாதி காப்பியில் அறுந்துவிடும் ஃபைல்கள்தான் காரணம். மொட்டை மாடி ரூம் வரை போகும் கேபிளின் ஜாக் மட்டும் வருடத்துக்கு ஒரு முறை தகராறு செய்கிறது. காசிமேட்டுக் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, ஜாக்கின் உலோகம் எம்மாத்திரம். கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும். வெட்டி எறிந்துவிட்டுப் புது ஜாக் மாட்டுவதற்கென்று கிரிம்பிங் கருவியையே சொந்தமாக வாங்கி வைத்துவிட்டோம், இப்போது தெருவில் நாலு வீட்டுக்கு மச்சான்தான் மாட்டிக் கொடுக்கிறான்.